இரண்டு எழுத்தும் ஒரு என்டரும்

காணாமற்போனோர் ஒப்பீட்டு இயக்ககத்தில் எதுவும் தாமதமாவதில்லை. அங்கே எல்லாம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். தாமதம் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், முதல் கவுன்டரில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி அந்த ஆளை ஒரு பார்வை பார்ப்பார். டோக்கன் அம்மா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள்.

“தாமதம்னு யாரு சொன்னா? ஓடிட்டு இருக்கு. பின்னாடி ஓடுது. அதான் முன்னாடி தெரியல.”

லிஃப்ட்காரர் இந்தப் பதிலை ஆறு வருஷமாக, மாதம் ஒரு தடவை கேட்டு வந்தார். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அதைச் சரிசெய்வது அவர் தொழில். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். வரிசையில் நிற்பார், பதிலை வாங்கிக்கொண்டு போவார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா எங்கே?

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. எழுதப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான். சாயங்காலம் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். கிரீஸ் வாசனை அடித்தால் முகத்தைச் சுளித்து, முதுகில் ஒன்று வைத்து, சோப்பு இருக்கும் பக்கம் தள்ளிவிடுவாள். தம்பிக்குக் கல்யாணமாகித் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் இந்தச் சோதனை நிற்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுக் கிளம்பினார். அக்கா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தெருமுனை வரைக்கும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

புகாரை வாங்கிய போலீஸ் அதை இயக்ககத்துக்கு அனுப்பியது. இயக்ககத்தின் வேலை கேட்பதற்கு எளிமையானது. காணோம் என்று உறவுக்காரர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் ஒரு பக்கம். பேர், ஊர் தெரியாமல் விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கிடப்பவர்களின் பட்டியல் இன்னொரு பக்கம். வயசு, உயரம், தழும்பு, கைவசம் இருந்த பொருள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, இவர்தான் அவர் என்று சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் சொல்லும்வரை சும்மா இருக்க முடியாமல் லிஃப்ட்காரர் தாமே தேடிப் பார்த்தார். ஆதரவற்றோர் விடுதிகள் மொத்தம் பதினெட்டு. பதினெட்டு வாசலிலும் ஒரே பேச்சுத்தான். “எங்க பட்டியல வாரா வாரம் இயக்ககத்துக்கு அனுப்பிடறோம். ஒப்பீடு ஓடிட்டு இருக்கறப்ப வெளியாளு உள்ள வந்து முகம் பாக்கக் கூடாது. ரூல்ஸ்.” மெஷின் தேடும்போது மனுஷனும் தேடினால் தேடல் இரட்டிப்பாகிப் புள்ளிவிவரம் குழம்பிவிடுமாம். ஆக, அக்காவைத் தேடும் பணிக்கு இடையூறு செய்கிறவர் அக்காவின் தம்பிதான் என்று ஆயிற்று. அவரும் வாயை மூடிக்கொண்டு டோக்கன் வரிசைக்குத் திரும்பினார்.

பின்னணியில் ஓடும் அந்த ஒரே ஒரு வேலைக்காக முன்னணியில் இருநூற்றுப் பதினாலு பேர் சம்பளம் வாங்கினார்கள். ஓட்டக் கண்காணிப்புப் பிரிவு, ஓட்டம் தடைபடாமைப் பிரிவு, உறவினர் பொறுமைப் பிரிவு என்று மூன்று மாடி நிறையப் பிரிவுகள். பொறுமைப் பிரிவில் மட்டும் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை ‘இடைவிடா இயக்க நாள்’ கொண்டாடுவார்கள். உறவினர்கள் கட்டாயம் வர வேண்டும். வராதவர்களின் மனு பட்டியலின் அடிக்குப் போய்விடும் என்று ஒரு வதந்தி. ஆறாவது வருஷ விழாவில் இயக்குநர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“பெரியோர்களே, தொலைத்தவர்களே! முன்பெல்லாம் நாங்கள் கையால் ஒப்பிட்டோம். வருடத்துக்கு நானூறு பேரைக் கண்டுபிடித்தோம். ஆனால் அதில் ஒன்பது தவறு! யாரோ ஒருவரின் மாமாவை யாரோ ஒருவரின் சித்தப்பா என்று அனுப்பிவைத்த அவமானம் எங்களுக்கு உண்டு. இன்று? ஆறு ஆண்டுகள்! ஒரு தவறான நபரைக்கூட நாங்கள் அடையாளம் காட்டியதில்லை. ஒரு குடும்பத்துக்குக்கூடப் பொய்யான நம்பிக்கை கொடுத்ததில்லை. தவறு பூஜ்யம்!”

பலத்த கைதட்டல். கிடைத்தவர்களின் எண்ணிக்கையும் பூஜ்யம்தானே என்று யாரும் கேட்கவில்லை. லிஃப்ட்காரரும் கைதட்டினார். கேட்கிறவர்களைப் பொறுமைப் பிரிவு குறித்துக்கொள்ளும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருந்தார்.

விழா முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை, இயக்குநர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். உறவினர்கள் ஆறு வருஷம் நின்ற கட்டடத்தில் இயக்குநர் ஆறு நிமிஷம் நின்றதும் பூகம்பம் வந்தது போல் ஆகிவிட்டது. நாலு பிரிவுகளிலிருந்து நாலு பேர் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். கம்பெனி, பக்கத்து ஏரியாவில் இருந்த லிஃப்ட்காரரை அனுப்பியது. அவரும் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் டோக்கன் இல்லாமல் நுழைந்தார்.

லிஃப்டின் மோட்டார் அறைக்குப் போகும் ஏணி மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்தது. ஏறினார், பிரேக்கை விடுவித்தார், சக்கரத்தைக் கையால் சுற்றி இயக்குநரை இறக்கிவிட்டார். வேலை முடிந்து ஏணியில் இறங்கும்போதுதான் அந்த அறையை நின்று பார்த்தார். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு விசைப்பலகை. மேலே பலகையில் ‘தொடாதே, மூடாதே, தும்மாதே’ என்று எழுதியிருந்தது. எதிரே ஸ்டூலில் ஒரு கிழட்டுக் காவலர். திரையில் திறந்திருந்த ஒரே ஜன்னலை யாராவது மூடிவிட்டால் உள்ளே இருக்கும் வேலையும் செத்துப்போகும். கம்ப்யூட்டரைப் பற்றி இயக்ககம் முழுவதற்கும் தெரிந்த உண்மை அது ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக மூன்று ஷிப்ட் காவல் போட்டிருந்தார்கள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக நின்றது. கடைசி வரியில் ‘ஒன்று’ என்ற எண், ஒரு கூட்டல் குறி, அப்புறம் இங்கிலீஷில் ‘ஸ்டாப்டு’. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. லிஃப்ட்காரருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் இந்த ஒரு வார்த்தை அவருக்குச் சோறு போடும் வார்த்தை.

“அண்ணே, இது நின்னுருக்கே.”

“எது?” என்றார் காவலர்.

“இந்த வேலைதான். ஸ்டாப்டுன்னு போட்டிருக்கு.”

“அது ஆறு வருஷமா அப்படித்தான் போட்டிருக்கு. கீழ பாருங்க, துடிக்குது. உசிரு இருக்கு.”

“லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டாலும் உள்ள லைட்டு எரியும்ணே. உங்க பெரியவரு இவ்வளவு நேரமும் அந்த வெளிச்சத்துலதான் உக்காந்திருந்தாரு.”

காவலர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசுங்க. எனக்கு ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு. இத ஆரம்பிச்ச அம்மா கீழ முத்திரைப் பிரிவுல இருக்காங்க. எதுவானாலும் அவங்களப் போய்க் கேளுங்க.”

லிஃப்ட்காரரின் வலது கை தன்னையறியாமல் விசைப்பலகைப் பக்கம் நீண்டது. “கை வைக்காதீங்க, எண்ணெய்க் கை” என்றார் காவலர். லிஃப்ட்காரர் கையை இழுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். எந்தக் கட்டடத்திலும் தொடாதே என்று எழுதியிருந்தால் தொடாத மனுஷர் அவர். பின்னால் இதை நினைத்து நினைத்துத்தான் அவர் நொந்துபோனார்.

முத்திரைப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. வருகிற மனுவில் எல்லாம் ‘பெறப்பட்டது’ என்று ஒரு பெண்மணி டம் டம் என்று குத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் முத்திரையைக் கீழே வைத்தார். ஆறு வருஷத்தில் இதை அவரிடம் வந்து கேட்ட முதல் ஆள் இவர்தானாம்.

“ஒரு வேலைய ஆரம்பிக்கறப்பவே கடைசில ‘அண்ட்’ குறி போட்டுட்டா அது பின்னாடி போய் ஓடும். நம்ம முன்னாடி வேற வேல பாத்துக்கலாம். அன்னைக்கு நான் அதப் போட மறந்துட்டேன். அதனால அது முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சு, திரை பூரா எழுத்து. ஓடத்தான் செஞ்சுது, ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த நேரம் பாத்து இயக்குநர் வந்தாரு. விருந்தாளிங்க வர்றாங்க, என்ன இது கச்சடாவா இருக்கு, பின்னாடி தள்ளுன்னாரு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“கன்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அமுக்கினேன். அது வேலைய அப்படியே நிறுத்தி வைக்கும். அப்புறம் பி, ஜின்னு ரெண்டு எழுத்து அடிச்சு என்டர் தட்டினா, நின்ன எடத்துல இருந்து பின்னாடி ஓட ஆரம்பிச்சுடும். எழுத்து நின்னுச்சு. நான் பி-யத் தொடப் போறேன், அதுக்குள்ள அவருக்கு ஒரே சந்தோஷம். ‘பாத்தியா, போயிடுச்சு பின்னாடி! இனிமே யாரும் இதுல கை வைக்கக் கூடாது’ன்னு அங்கேயே உத்தரவு போட்டுட்டாரு. சார், இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி இருக்குன்னேன். மறுநாள் என்னை இங்க மாத்திட்டாங்க.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“பதினாறு மனு எழுதினேன். பதினாறுலயும் நானே ‘பெறப்பட்டது’ன்னு குத்தி உள்ள அனுப்பினேன்.”

கிணற்றில் போட்ட கல். லிஃப்ட்காரர் கேட்டார்.

“ஓட விட்டா எவ்வளவு நாள் ஆகும்?”

“நாளா? அன்னைக்கே முக்கால்வாசி முடிஞ்சுடுச்சுங்க. மிச்சம் ஒரு நாலு நிமிஷம் இருக்கும்.”

லிஃப்ட்காரர் மனு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் சந்தோஷம்தான். நாலு நிமிஷம்! அந்த மனுஷருக்கு அவ்வளவுதான் தெரியும். நாலு நிமிஷ வேலைக்கு நாலு நிமிஷம்தான் ஆகும் என்று நம்பிக்கொண்டு மாடி ஏறினார்.

லிஃப்டிலிருந்து மீட்ட நன்றிக்காக இயக்குநர் அவரை உடனே உள்ளே கூப்பிட்டார். நாற்காலியும் போட்டார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேசைமேல் இருந்த காகிதக்கல்லை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்.

“நிக்குதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? நிக்கறது வேற, ஓடறதுக்குத் தயாரா இருக்கறது வேற. சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஓட விடறோம். என்ன ஆகும்?”

“முடிஞ்சுடும் சார்.”

“அதான். முடிஞ்சுட்டா? இந்த மூணு மாடி என்ன பண்ணும்? ஓட்டக் கண்காணிப்புல இருக்கறவங்க எதக் கண்காணிப்பாங்க?”

“சார், எங்க அக்கா…”

“உங்களுக்கு ஒரு அக்கா. எனக்கு இருநூத்திப் பதினாலு பேரு. நான் யாரப் பாக்கறது, சொல்லுங்க?”

 எருது நோவு காக்கைக்குத் தெரியுமா என்று லிஃப்ட்காரருக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவர் அந்த ஜாதி மனுஷர் இல்லை. “எழுதிக் கொடுத்துட்டுப் போகவா சார்?” என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தார். கீழே முத்திரைப் பிரிவில் அந்தப் பழைய ஆபரேட்டர் அம்மாள் அதில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி உள்ளே அனுப்பினார். லிஃப்டுக்குள் இருந்தபோது இயக்குநர் ஐந்து தடவை அழுதது, மேலே சக்கரம் சுற்றிய லிஃப்ட்காரரின் காதில் மட்டும் விழுந்த ரகசியமாகையால், இந்த மனு மட்டும் குப்பைக்குப் போகவில்லை. குழுவுக்குப் போனது.

எழுத்து வழங்கல் குழு முதல் கூட்டத்தில் எழுத்துகள் பெரியவையா சின்னவையா என்று விவாதித்தது. அரசாங்க விஷயமாதலால் பெரிய எழுத்துதான் மரியாதை என்று ஒருவர் சொன்னார். சின்ன எழுத்தாக இருந்தால்தான் மெஷினுக்குப் புரியும் என்று பழைய ஆபரேட்டர் எழுதி அனுப்பினார். மெஷினுக்கே மரியாதை தெரியாவிட்டால் என்ன செய்வது என்று வருத்தத்தோடு சின்ன எழுத்துக்குச் சம்மதித்தார்கள். அதற்குப் பதினோரு நாள்.

இரண்டாம் கூட்டத்தில் யார் அடிப்பது என்ற பிரச்சினை. ஒருவரே இரண்டையும் அடித்தால் அதிகாரம் ஓரிடத்தில் குவியும். ஆகவே துணை இயக்குநர் ஒரு எழுத்து, இணை இயக்குநர் ஒரு எழுத்து. முதல் எழுத்து யாருக்கு என்பதில் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பணிமூப்புப் பட்டியல் வரவழைக்கப்பட்டது. அதற்குப் பதினாறு நாள்.

மூன்றாம் கூட்டத்தில், எல்லோரும் ஒரே நாளில் கிடைத்துவிட்டால் வரவேற்பறையில் நாற்காலி போதாது என்று பொறுமைப் பிரிவு எச்சரித்தது. கூட்டம் சேர்க்க மாட்டேன், சத்தமாக அழ மாட்டேன், கிடைத்தவரைக் கட்டிப்பிடித்துப் பாதையை அடைக்க மாட்டேன் என்று லிஃப்ட்காரரிடம் எழுதி வாங்கினார்கள். அவர் அதைப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டில் அவர் மனைவி, அக்காவின் பாயை உதறி வெயிலில் காயப் போட்டார். “மெலிஞ்சு போயிருப்பாங்க, முதல்ல கஞ்சியாத்தான் கொடுக்கணும்” என்றார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

நாற்பத்திரண்டாவது நாள், திங்கட்கிழமை, எழுத்து வழங்கும் விழா. திரைக்கு மாலை போட்டிருந்தார்கள். துணை இயக்குநர் முன்வந்து ஒரே விரலால் பி-யை அடித்தார். கைதட்டல். இணை இயக்குநர் அவரைப் பார்க்காமல் வந்து ஜி-யை அடித்தார். இன்னும் பெரிய கைதட்டல். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் இரண்டு எழுத்தும் அக்கடா என்று உட்கார்ந்திருந்தன, பக்கத்தில் அந்தச் சின்னக் கட்டம் மின்னியது.

“சார், என்டர்” என்றார் லிஃப்ட்காரர், வாசலுக்கு வெளியே நின்று.

இயக்குநர் உத்தரவுக் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “என்டர் இதுல இல்லையே.”

“தட்டினாத்தான் சார் ஓடும்.”

“மெக்கானிக், ரெண்டு எழுத்துதான் நீங்க கேட்டீங்க. ரெண்டு எழுத்தும் கொடுத்தாச்சு. என்டர் எழுத்து இல்ல. அது செயல். செயலுக்குத் தனிக் கோப்பு வேணும்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே வரம் கொடுக்கப்பட்டுத் திரையிலேயே எழுதியும் இருந்தது. அதற்கு மேல் நகரவில்லை. புதுக் கோப்பு திறந்தார்கள். பத்தாவது நாள், வியாழக்கிழமை, அது ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. விசைப்பலகையில் என்டர் இரண்டு உள்ளன. நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் எண்களுக்குப் பக்கத்தில் ஒன்று. எதை அழுத்துவது என்பதை மனுதாரர் தெளிவுபடுத்தவும். லிஃப்ட்காரர் எதுவானாலும் சரி என்று எழுதிக் கொடுத்தார். ‘எதுவானாலும்’ என்று ஒரு விசை இல்லை என்று மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது.

அடுத்த திங்கட்கிழமை லிஃப்டுக்கு மாதாந்திர சர்வீஸ். லிஃப்ட்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்தபோது கிழட்டுக் காவலர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“மெக்கானிக், எனக்குத் தாகமா இருக்கு. தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். “நான் மெதுவாத்தான் குடிப்பேன்.”

அறையில் வேறு யாரும் இல்லை. லிஃப்ட்காரர் எண்ணெய்க் கையைத் துடைக்கவில்லை. நடுவில் இருந்த என்டரைத் தட்டினார்.

ஆறு வருஷமாக அசையாத திரை அசைந்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஓடின. பேர்கள், வயசுகள், தழும்புகள், விடுதி எண்கள். யாரோ ஒருவரின் அப்பா, யாரோ ஒருவரின் மகள். அவர் கண்ணிமைக்காமல் பார்த்தார். பாதி வரிக்கு மேல் படிக்க முடியாத வேகம். ஆனால் ஒரு வரி அவர் கண்ணில் சிக்கியது. விடுதி பதினொன்று, பெண், பேச்சு இல்லை, இடது புருவத்தில் தழும்பு, கைவசம் எவர்சில்வர் டப்பா ஒன்று, மூன்றடுக்கு. எழுத்து நின்றதும் இன்னொரு தடவை என்டரைத் தட்டினார். ‘ஸ்டாப்டு’ இருந்த மாதிரியே ஒரு வரி வந்தது. அந்த வார்த்தைக்குப் பதில் இப்போது ‘டன்’ என்று இருந்தது. மூவாயிரத்து நூற்று ஆறு பேர் கிடைத்திருந்தார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினோராம் விடுதி வாசலுக்கு இந்த ஆறு வருஷத்தில் அவர் நாலு முறை வந்திருக்கிறார். ஐந்தாவது முறை எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. விடுதிப் பொறுப்பாளர் அம்மாள் பதிவேட்டைப் பிரித்தார், விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்தார், விரல் ஓரிடத்தில் நின்றது.

“உக்காருங்க தம்பி.”

“பரவால்லம்மா. எங்க இருக்காங்க?”

“நாலு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்குள்ள… போன வியாழக்கிழமை காலையில.”

வியாழக்கிழமை. எந்த என்டர் என்று கேட்டு அவர்கள் கடிதம் எழுதிய நாள். இரண்டு எழுத்தும் திரையில் தயாராக உட்கார்ந்திருந்த நாள். அவர் முதல் தடவை அந்தத் திரைக்கு முன்னால் நின்று கையை இழுத்துக்கொண்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐம்பத்தோரு நாள் அக்கா உயிரோடு இருந்திருக்கிறாள். நடந்துகொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில்.  சத்தமாக அழ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தது அவருக்கு அப்போது ஏனோ நினைவுக்கு வந்தது.

உடலை விடுதியின் குளிர் அறையில் ஏழு நாள் வைத்திருப்பார்கள். கேட்டு வருகிறவர் இயக்ககத்தின் பொருத்தச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கேட்பாரற்றது என்று எழுதிவிடுவார்கள். வியாழன் வரைதான் கெடு.

செவ்வாய்க்கிழமை சான்றிதழ் கேட்டுப் போனபோது இயக்குநர் நாற்காலி போடவில்லை.

“முடிவு சரியா இருக்கலாம். அது வந்த வழி சரியில்ல. அனுமதி இல்லாம தட்டின என்டர்ல வந்த முடிவு செல்லாது. மூவாயிரத்து நூத்தி ஆறையும் சரிபாக்க ஒரு குழு போடறேன். அதுவரைக்கும் யாரும் கிடைக்கல. நல்லா கேட்டுக்குங்க, யாரும் கிடைக்கல! அந்தத் திரைய பழைய மாதிரி ஸ்டாப்டுன்னு காட்ட வைக்க ஒரு ஆளையும் வரச் சொல்லியிருக்கேன்.”

“சார், எங்க அக்கா செத்துப் போயிட்டாங்க.”

இயக்குநர் காகிதக்கல்லை நகர்த்தினார். “அப்ப அவசரம் இல்லையே” என்றார்.

தண்ணீர் குடித்ததற்கு விளக்கம் கேட்டுக் காவலருக்கு அன்றே ஓலை போனது. லிஃப்ட்காரர் படியிறங்கி வெளிவாசலுக்குப் போகாமல் இன்னும் ஒரு மாடி இறங்கினார். அடித்தளத்தில் பழைய ஆபரேட்டர் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. திங்கட்கிழமை செய்தி காதில் விழுந்ததுமே, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மாடியேறிப் போய் திரையில் வந்த அத்தனையையும் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் என்ன அடிக்கிறார் என்றுகூட வேறு யாருக்கும் புரியவில்லை.

“ராத்திரி தூங்கல” என்றார். “அந்த ‘அண்ட்’ குறிய நான் போட்டிருந்தா இயக்குநரு என்னைப் பின்னாடி தள்ளச் சொல்லியிருக்கவே மாட்டாரு. அதான் ஓடிட்டே இருக்கு மனசுல.”

“நீங்க போடல, நான் தொடல” என்றார் லிஃப்ட்காரர். 

அப்புறம் ஆபரேட்டர் ஒரு தாளை எடுத்து, அக்காவின் வரியை அப்படியே எழுதினார். விடுதி எண், தழும்பு, டப்பா. கீழே தம்பியின் பேரையும் விலாசத்தையும் எழுதினார். அவரிடம் இருந்தது ஒரே முத்திரைதான். அதை மையில் தோய்த்து நிதானமாக வைத்தார். பெறப்பட்டது.

“இத ஒத்துக்குவாங்களா?”

“முத்திரை நீலமா இருக்கா, வட்டமா இருக்கான்னுதான் பாப்பாங்க. படிக்க மாட்டாங்க. வெளிய வரிசையில நிக்கறவங்கள ஒவ்வொருத்தரா கீழ வரச் சொல்லுங்க. என்னைத் தூக்கறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதறேன்.”

லிஃப்ட்காரர் போய்ச் சொன்னார். டோக்கன் வரிசை சத்தமில்லாமல் அடித்தளத்துக்குத் திரும்பியது. டோக்கன் அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை பதினோராம் விடுதியில் முத்திரையை மட்டும் பார்த்தார்கள். பொறுப்பாளர் அம்மாள் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அடிப்பக்கம் நசுங்கியிருந்தது, நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடிக் குளிர் அறையிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்க லிஃப்டுக்காக நின்றபோது அந்த அம்மாளே பேச்செடுத்தார்.

“இந்த எடத்துலதான் நாள் பூரா நிப்பாங்க. லிஃப்ட் வந்து கதவு திறந்தா, இறங்கற ஆம்பளைங்க கையப் பிடிச்சு மோந்து பாப்பாங்க. டாக்டரு, வாட்ச்மேன், யாரையும் விடறதில்ல. ஏதோ கோளாறுன்னு நாங்களும் விட்டுட்டோம். மோந்து பாத்துட்டு கைய விட்டுடுவாங்க. அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பாங்க.”

லிஃப்ட் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு லிஃப்ட்காரரும் ஏறிக்கொண்டார். துணி விலகி அக்காவின் கை வெளியே கிடந்தது. அவர் தமது வலது கையை அக்காவின் மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தள்ளிவிட யாரும் இல்லை. அவர் அழுதார், சத்தமாக.

கீழே வந்து கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் விளிம்பில் சிக்கிக்கொள்ள, ஆட்கள் தடுமாறினார்கள். கதவு மூடப் பார்த்தது. லிஃப்ட்காரர் விரலை நீட்டிக் கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினார். அக்கா வெளியே போய்ச் சேரும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை.